மாந்தோப்பும் கூட்டு விற்பனையும்

(மேற்கு மலையடிவாரக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



முக்கனிகளுள் முதலாவதாக எண்ணப்படுவது மா. உலகில் விளையும் மாம்பழத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்திய தேசத்திலேயே விளைகிறது. அப்படியிருந்தும், மாந்தோப்பு வைத்திருக்கும் குடியானவர் அத்தோப்பின் வரும்படியால் கடன் தீர்த்தார் என்று சொல்லக் கேட்பது அரிது. பழம் இனிக்கிறது, பழத்தின் கணக்கு இனிப்பதில்லை. இதற்குக் காரணம் மரத்தில் பாதியும் விற்பனையில் பாதியுமாக இருக்கிறது. மரத்துக்குச் செய்ய வேண்டியது இன்னது, விற்பனையில் சங்கம் செய்யக்கூடியது இன்னது என்று இரண்டையும் சேர்த்து எடுத்துரைப்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

நிலத்தின் பாகுபாடு

விருதுநகர் ஜில்லா 1985-ஆம் வருஷத்தில் பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டு அமைந்தது. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெறும் வறண்ட பிரதேசம் இது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையே இங்கு முக்கியமானது.

ஜில்லாவின் நடுவிலும் கிழக்கிலும், அதாவது விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில், கரிசல் நிலமே மிகுதி. பருத்திக்கும் சோளத்துக்கும் மல்லிக்கும் அது உகந்தது, மாவுக்கு உகந்ததன்று. கரிசல் மண் மழையில் நீரைத் தேக்கிக்கொண்டு சேறாகும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து இளம் வேரை அறுக்கும். மாவின் வேரோ ஆழமான மண்ணையும் தடையின்றி வடியும் நீரையும் விரும்புவது. ஆகையால் தனிக் கரிசலில் பெருந்தோப்பு வைக்க எண்ணுகிறவர்கள் முன்னதாக மண்ணைப் பரிசோதித்துப் பார்ப்பது நலம். நீர் வடியும் மேட்டுப்பாங்கான கொல்லையில் வீட்டுத் தேவைக்கு ஓரிரண்டு மரம் வைப்பது வேறு விஷயம்.

மேற்கே போகப்போக நிலத்தின் நிறம் மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செவ்வல் மண்ணும், ஓடைகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் கலந்து கிடக்கின்றன. சேத்தூர், இராஜபாளையம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களைச் சுற்றி மாந்தோப்புகள் உண்டானது இக்காரணம் பற்றியே. இராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தென்ஜில்லாக்களில் பெயர் பெற்ற பழங்கள். சித்திரை பிறந்ததும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இப்பழங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் இருக்கின்றனர். இயற்கை கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது என்பதை இதனால் அறியலாம்.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல பழத்தைத் தின்று கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்கும் என்று நம்புவோர் இன்றும் உளர். இந்திய மாவினங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து வளரும்போது தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொள்வதில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, காய்த்த பின்பு புளிப்பென்று கண்டு மரத்தை வெட்டுவதைவிட, முதலிலேயே ஒட்டுக்கன்று வாங்குவது சிக்கனம்.

கன்று வாங்குகிற இடம் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். சந்தை வண்டியில் வரும் கன்றின் பெயரை விற்பவர் சொல்லித்தான் அறியவேண்டும். அது மெய்யா பொய்யா என்பதை மரம் சொல்ல நாலைந்து வருஷம் செல்லும். பெரியகுளத்திலுள்ள தோட்டக்கலைக் கல்லூரியும் சர்க்கார் தோட்டக்கலைப் பண்ணைகளும் இவ்விஷயத்தில் உதவக்கூடியவை. சின்னசுவர்ணரேகாவையும் நீலத்தையும் சேர்த்து உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் இனம் பெரியகுளத்தில் தோன்றியதே. ஒரு கிராமத்தார் யாவரும் சேர்ந்து, தேவையான கன்றுகளைக் கணக்கிட்டுச் சங்கத்தின் பெயரால் ஒரே தடவையில் தருவித்துக்கொண்டால், வண்டிச்சத்தமும் குறையும், இனமும் தவறாது.

எல்லா மரத்தையும் ஒரே இனமாக வைப்பதும் விவேகமன்று. பங்கனப்பள்ளி, மல்கோவா முதலிய இனங்கள் ஒரு வருஷம் அதிகமாகவும் மறு வருஷம் குறைவாகவும் காய்க்கும் சுபாவம் உடையவை. நீலமும் கிளிமூக்கு என்னும் பெங்களூராவும் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் காய்ப்பவை. நீலம் பருவத்தின் கடைசியில் வருவதால், மற்றப் பழங்கள் சந்தையைவிட்டு ஓய்ந்த பிறகு விலைபோகும். உள்ளூர்ப் பெயர் பெற்ற சப்பட்டையோடு இவற்றையும் கலந்து வைப்பவருக்கு வருஷந்தோறும் ஏதேனும் ஒரு வரும்படி உண்டு.

நடவும் எருவும்

ஆடி முதல் மார்கழி வரையில் கன்று நடலாம். மூன்றடிக்குக் குறையாத நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, சில நாள் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழு எருவைக் கலந்து நிரப்ப வேண்டும். மரத்துக்கு மரம் 33 அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 40 மரம் கொள்ளும். அதில் பாதி இடைவெளி விட்டு, ஏக்கருக்கு 160 மரம் வரை வைக்கும் நெருக்க நடவு இப்போது பரவிவருகிறது. நெருக்க நடவில் முதல் சில வருஷங்களில் மகசூல் மிகுதி என்பது உண்மை. ஆனால் வருஷந்தோறும் கிளை கழிப்பதும், சொட்டு நீர்ப் பாசனமும் அதற்கு இன்றியமையாதவை. அவற்றுக்கு வசதியில்லாதவர் அகல நடவே கைக்கொள்வது நலம்.

ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே அரையடி உயரத்தில் நிற்கும்படி நடுதல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே அடிக்கன்றிலிருந்து துளிர்க்கும் கிளைகளை உடனுக்குடன் கிள்ளிவிடாவிட்டால், நாளடைவில் ஒட்டு மெலிந்து காட்டுமா வளர்ந்துவிடும். முதல் மூன்று வருஷங்களில் தோன்றும் பூங்கொத்துகளையும் கிள்ளிவிட வேண்டும். இதைச் செய்ய மனம் வராது. ஆனால் இளங்கன்று காய் சுமந்தால் அதன் உடம்பு தேறாது.

மரம் உயரும் வரையில் இடையிலுள்ள நிலத்தைச் சும்மா விடாமல் நிலக்கடலை, உளுந்து, காய்கறி முதலியன பயிரிடலாம். இவை தோப்புச் செலவைத் தாங்கும்.

நட்ட முதல் வருஷம் கன்றுக்குத் தொழு எரு 10 கிலோ போதும். ஆறாம் வருஷத்திலிருந்து மரம் ஒன்றுக்குத் தொழு எரு 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ வீதம் வருஷந்தோறும் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபாரிசு செய்கின்றனர். புரட்டாசி மழையை ஒட்டி, அடிமரத்தின்மேல் கொட்டாமல், கிளையின் நிழல் விழும் வட்டத்துக்குள் பரப்பிக் கொத்திவிட வேண்டும். மகசூலைப் பிறருக்கு விட்டுவிட்ட தோப்புகளில் இந்த எருவை இடுவார் யார்? நில உடைமையாளர் குத்தகைதாரர் இடுவார் என்று எண்ணுகிறார். குத்தகைதாரரோ, அடுத்த வருஷம் தாம் இருப்போமோ என்று எண்ணி விட்டுவிடுகிறார். மரம் பட்டினி கிடக்கிறது.

பூவும் பிஞ்சும்

மார்கழி, தை மாதங்களில் மா பூக்கிறது. ஒரு பூங்கொத்தில் ஆயிரம் பூவுக்கு மேலும் இருக்கலாம். அவற்றில் முதிர்ந்த காயாவது ஒன்றோ இரண்டோ. ஆகையால் பூ உதிர்வதைக் கண்டு திகிலடைய வேண்டுவதில்லை. திகிலடைய வேண்டியது தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும்.

தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன்போன்ற கசிவில் கரும்பூசணம் படர்ந்து இலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆகும். பூங்கொத்து வெளிவரும் சமயத்திலும், பிஞ்சு பட்டாணி அளவான பிறகும் மருந்து தெளிப்பது முறை. பூ முற்றிலும் மலர்ந்திருக்கையில் மருந்தடித்தால், மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் வண்டுகளும் மடிந்துபோகும். காய்க்காமற் போனதற்கு மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பனி மிகுந்த காலையில் பூங்கொத்தின்மேல் வெண்பொடி படிந்தால் அது சாம்பல் நோய். இதற்கு நனையும் கந்தகத்தை லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளிப்பதுண்டு. சிவகாசி வட்டாரத்தில் கந்தகம் பழகிய பொருளே. ஆயினும் பட்டாசுத் தொழிலுக்கு வரும் கந்தகம் நீரில் கரையாது, இலையில் ஒட்டாது. அதைத் தோப்புக்குக் கொண்டுவருவது அபாயமும் வீணுமாகும். மருந்துக் கடையில் விவசாயத்துக்கென்று விற்கப்படுவதையே வாங்க வேண்டும்.

பட்டாசுக்குப் பழகிய இன்னொரு பொருளுக்கும் மாந்தோப்பில் வேலை உண்டு. வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட்டைத் தெளித்தால் மா பூக்கும் என்பதை 1970களில் பிலிப்பைன்ஸ் தேசத்து விஞ்ஞானி ரமோன் பார்பா கண்டு வெளியிட்டார். மாசி மாதம் வரையில் பூக்காமல் நிற்கும் மரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கும்படி இங்கும் சிபாரிசு உண்டு. முற்றிய தளிர் உடைய மரத்துக்கே இது பலன் தரும். இதையும் உரமாக விற்கப்படும் ரூபத்திலேயே வாங்குதல் வேண்டும்.

காய் முற்றும் தருணத்தில் வருவது பழ ஈ. அது தோலைத் துளைத்து முட்டையிட, உள்ளே புழு உண்டாகிறது. மேலே பொன்போல் இருக்கும் பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளியும். இந்திய மாம்பழப் பெட்டிகளில் பழ ஈ கண்டதினால் ஐரோப்பிய ஒன்றியத்தார் 2014-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி முதல் இந்திய மாம்பழத்தையே தடுத்துவிட்டனர்; 2015-ன் தொடக்கத்தில்தான் தடை நீங்கியது. ஒரு சிறு ஈ ஒரு தேசத்தின் வியாபாரத்தை நிறுத்திய கதை இது.

விழுந்த பழங்களைத் தினந்தோறும் பொறுக்கி ஆழப் புதைப்பதும், மெதில் யூஜினால் மருந்து வைத்த பொறிகளை ஏக்கருக்குப் பத்து வீதம் தொங்கவிடுவதும் இதற்குப் பரிகாரம். ஒருவர் தோப்பில் பொறி வைத்து, அடுத்த தோப்பில் பழம் அழுகிக் கிடந்தால் பயனில்லை. ஈக்கு வேலியும் எல்லையும் தெரியாது. ஊரார் யாவரும் ஒரே வாரத்தில் பொறி வைப்பதே பலன் தரும். மாவின் விஷயத்தில் கூட்டுறவு பணத்துக்கு முன்பாகப் பூச்சியிடமிருந்தே ஆரம்பமாகிறது.

மலையை அடுத்த தோப்புகளுக்கு யானையும் காட்டுப்பன்றியும் வருவதுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் ஏற்பட்டது. 2021-ல் அப்பகுதி மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 2020-ஆம் வருஷம் கேரளத்தில் வெடி வைத்த தீனியைக் கடித்த சினை யானை வாய் சிதைந்து மாண்டது தேசமெங்கும் பேசப்பட்டது. வெடி எளிதில் கிடைக்கும் வட்டாரத்தில் அத்தகைய பாதகம் ஒருபோதும் நிகழலாகாது. காவலுக்கு ஆள் போடுவதும் வனத்துறையாருக்குத் தகவல் தருவதுமே தக்க வழிகள்.

அறுவடையும் பழுக்கவைத்தலும்

காம்பின் இருபுறமும் தோள் எழும்பி நிற்கும் காயே முற்றிய காய். சந்தேகம் இருந்தால் ஒரு வாளி நீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதக்கும் காயைப் பறித்து மூட்டமிட்டால் மேல்தோல் மஞ்சளாகும், ருசி வராது, வெம்பிப்போகும்.

கிளையை உலுக்கியோ கழியால் அடித்தோ காயை வீழ்த்தலாகாது. வலை கட்டிய தொரட்டியால், அரை அங்குலம் காம்பு விட்டுப் பறித்து, காம்பு கீழ்நோக்க வைத்துப் பாலை வடித்துவிட வேண்டும். பால் பட்ட தோல் கறுத்து, அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். பறிக்கும்போது பட்ட அடி அன்று தெரியாது. நாலாம் நாள் சந்தையில் தெரியும்.

பழுக்கவைப்பதற்குக் கார்பைடு கல்லை உபயோகிப்பதை 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நஞ்சு கலந்திருக்கும். ஈரம் பட்டால் அதிலிருந்து எழும் வாயு சுலபமாகத் தீப்பற்றும். நெருப்பின் தன்மையைத் தொழிலாலேயே அறிந்த ஜில்லாவில் இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. வைக்கோல் பரப்பிய காற்றோட்டமுள்ள அறையில் நன்கு முற்றிய காய் தானாகவே பழுக்கும். சீக்கிரம் வேண்டுமானால், பழம் தானே இயற்கையில் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவை அளவோடு செலுத்தும் அறைகள் உண்டு; அதற்கு 2016 முதல் அநுமதி இருக்கிறது. அத்தகைய அறை தனி ஒருவருக்குக் கட்டாது, சங்கத்துக்குக் கட்டும்.

பூவில் விலை பேசுதல்

இனி விற்பனையைக் கவனிப்போர் முதலில் விருதுநகர்ச் சந்தையைக் கவனித்தல் தகும். அங்கே வற்றலும் மல்லியும் பருப்பும் கிட்டங்கியில் இருந்து, விலை ஏறும் நாள் பார்த்து வெளியேறுகின்றன. வியாபாரிக்குக் காலம் துணை. மாம்பழத்துக்கோ காலமே சத்துரு. பறித்த பழம் ஒரு வாரத்துக்கு மேல் காத்திராது. காத்திராத பொருளை உடையவர் விலை பேசும்போது பலவீனர். எதிரிலிருப்பவர் இதை நன்கு அறிவார்.

இந்தப் பலவீனத்தின் விளைவே குத்தகை. தை மாதத்தில் தோப்பு பூத்து நிற்கையில் குத்தகைதாரர் வருகிறார். பூவைப் பார்த்து ஒரு தொகை பேசி, ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்கிறார். சில இடங்களில் இரண்டு மூன்று வருஷத்து மகசூலும் சேர்த்தே பேசப்படுவதுண்டு. பெண்ணின் கலியாணமோ, பிள்ளையின் காலேஜ் சம்பளமோ, பழைய கடனின் வட்டியோ முன்னே நிற்கையில், சித்திரையில் வரப்போகும் விலையை நினைத்துப் பார்க்க எவருக்கு முடியும்?

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்குக்காக ஓர் உதாரணத்தால் காணலாம். ஏக்கருக்கு 40 மரம், மரத்துக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,400 கிலோ ஆகிறது. குத்தகையில் கிடைத்ததற்கும், செலவு போகத் தாமே விற்றால் கிடைத்திருக்கக் கூடியதற்கும் கிலோவுக்கு 5 ரூபாய் வித்தியாசமென்றாலும், ஏக்கருக்கு 12,000 ரூபாய் போயிற்று. இரண்டு ஏக்கர் உடைய குடும்பத்துக்கு இது அற்பமன்று. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் மரத்துக்கு. முதல் விலையைப் பிடிப்பதற்காகக் காய் முற்றுமுன் பறிக்கப்படுகிறது, கிளை முறிகிறது, எரு இடப்படுவதில்லை. இன்ன ஊர்ச் சப்பட்டை என்ற நற்பெயரும், முற்றாமல் பறித்துக் கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தோடு சேர்ந்து கெடுகிறது.

குத்தகைதாரர் செய்யும் நான்கு காரியங்கள்

ஆயினும் குத்தகைதாரரை நிந்திப்பதால் தோப்புக்காரருக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. அவர் நான்கு காரியங்களைச் செய்கிறார். தேவைப்பட்ட சமயத்தில் முன்பணம் தருகிறார். மருந்தடிக்கிறார். காவல் போடுகிறார். பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். பெருங்காற்றில் பிஞ்சு கொட்டினால் அந்த நஷ்டத்தையும் அவரே தாங்குகிறார். இந்த நான்கையும் சங்கம் செய்தாலொழிய, குத்தகை ஒழிய வேண்டும் என்று பேசுவது வெறும் பேச்சே.

இத்தேசத்தில் கூட்டுறவுச் சட்டம் 1904-ல் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் ஒரு நாணயச் சங்கம் பதிவாயிற்று. அந்த முதல் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே கருதியது. கடன் மட்டும் போதாது, விற்பனைக்கும் மற்றத் தொழில்களுக்கும் சங்கம் வேண்டும் என்று கண்டு 1912-ல் புதிய சட்டம் செய்தனர். எட்டே வருஷத்தில் தெரிந்துகொண்ட இப்பாடத்தை, நூறு வருஷத்துக்குப் பின்னும் பல கிராமங்கள் மேற்கொள்ளவில்லை. சங்கம் என்றால் கடன் வாங்கும் இடம் என்ற எண்ணமே நிலைத்திருக்கிறது.

முன்பணம்: தை மாதத்தில் தோப்புக்காரருக்கு வேண்டிய தொகையைப் பயிர்க்கடனாகவோ, சங்கத்தின் மூலம் விற்கப்போகும் மகசூலின் பேரிலோ கொடுத்து, விற்பனையில் பிடித்துக்கொள்ளலாம். கடனையும் விற்பனையையும் இவ்வாறு பிணைப்பதால் கடன் நிலுவையும் குறையும்.

மருந்தும் காவலும்: தெளிப்பான் ஒன்றைச் சங்கம் வாங்கி முறை வைத்து விடலாம். அடுத்தடுத்த பத்துத் தோப்புகளுக்கு இரண்டு காவலாள் போதும். தனித்தனியே ஆள் போடுவது வீண் செலவு.

விற்பனை: இதுவே கடினமானது. இதற்கு முதல் தேவை தரம் பிரித்தல். பெரியது, நடுத்தரம், சிறியது, அடிபட்டது என்று பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இருப்பதே அடியிலும் இருக்கும்படி செய்ய வேண்டும். மேலே நல்லதும் அடியில் வெம்பலுமாக ஒரு பெட்டி போய்விட்டால், ஊர் முழுவதன் பெயரும் அந்த ஒரு பெட்டியோடு போயிற்று. சங்கத்தின் முத்திரை மானத்தைப் போன்றது; ஒருவர் கெடுத்தால் எல்லோருக்கும் கெட்டது.

காற்றினால் பிஞ்சு உதிரும் வருஷத்து நஷ்டத்தைத் தாங்க, நல்ல வருஷத்து லாபத்தில் ஒரு சிறு பங்கைச் சேமநிதியாக ஒதுக்கி வைத்தல் அவசியம். சேமநிதியில்லாத சங்கம் முதல் புயலிலேயே கலைந்துபோகும்.

அண்டையிலுள்ள உதாரணங்கள்

இது கைகூடுமா என்று கேட்போர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பார்க்கலாம். பால் மாம்பழத்தைவிட விரைவில் கெடும் பொருள்; காலையில் கறந்தது மாலையில் திரியும். ஆனால் அவ்வூரில் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கம் பாலைச் சேர்த்து, பால்கோவாவாகக் காய்ச்சி, கெடும் பொருளைக் கெடாத பொருளாக மாற்றி விற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு மாடு உடையவரும் அந்தப் பெயரின் பயனில் பங்கு பெறலாம்.

மாவிலேயே உதாரணம் வேண்டுமானால், மகாராஷ்டிர மாநிலத்தில் கொங்கணக் கடற்கரையிலுள்ள தேவ்கட் தாலூகாவைக் காணலாம். அல்போன்ஸா பயிரிடுவோர் 1980களில் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் பழத்தைத் தங்கள் தாலூகாவின் பெயராலேயே விற்றுவருகின்றனர். அவ்வட்டாரத்து அல்போன்ஸாவுக்கு 2018-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மூன்றாவது உதாரணம் சிவகாசி. மழையில்லாத கரிசல் ஊர் அது. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதனால் அச்சுத் தொழில் வளர்ந்தது. பட்டாசும் தீப்பெட்டியும் அனுப்ப அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது. அதுவும் அங்கேயே உண்டாயிற்று. மாம்பழத்துக்கு வேண்டிய காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியும், ஊர்ப் பெயர் அச்சிட்ட லேபிளும் அடிவாரத் தோப்புகளிலிருந்து சில மைல் தூரத்திலேயே கிடைக்கின்றன. ஒரே ஜில்லாவில் பழமும் பெட்டியும் அச்சும் சந்தையும் இருக்க, பழம் மட்டும் பெயரில்லாமல் கூடையில் ஏறிப்போவது பரிதாபம்.

கழிவிலும் வரும்படி

தரம் பிரித்தபின் மிஞ்சுவதை எறிய வேண்டுவதில்லை. உதிர்ந்த பிஞ்சு மாவடுவாகும். காற்றில் விழுந்த முற்றாத காயைக் கீறி, உப்பிட்டு வெயிலில் உலர்த்தினால் மாங்காய் வற்றல். இவ்வட்டாரத்து வெயில் இதற்குத் தாராளம். அடிபட்ட புளிப்புக் காய் ஊறுகாய்க்கு உதவும். அதிகம் பழுத்ததைப் பிழிந்து கூழாக்கலாம். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிளிமூக்கையும் அல்போன்ஸாவையும் கொண்டு மாங்கூழ்த் தொழில் பெரிதாக நடக்கிறது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் கொழுப்பைப் பிரித்தெடுத்து மிட்டாய்த் தொழிலிலும் சோப்பு முதலியவற்றிலும் உபயோகிக்கின்றனர். உணவுப் பொருளைச் செய்து விற்பதற்கு உரிய பதிவும் சுத்தமும் அவசியம். வற்றலும் ஊறுகாயும் கிராமத்துப் பெண்களின் குழுக்களுக்குத் தக்க வேலை. இரண்டு மாதத்துப் பழத்திலிருந்து பன்னிரண்டு மாதத்து வேலை உண்டாகும்.

முதல் வருஷத்து வேலை

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் தொடங்குவது கூடாது. பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக முடிந்த சங்கங்கள் அநேகம். முதல் வருஷம், அடுத்தடுத்துத் தோப்புள்ள பத்து அங்கத்தினர் போதும். இவர்கள் புரட்டாசியில் சேர்ந்து எரு இடட்டும். தையில் முன்பணத்தைச் சங்கத்தில் வாங்கட்டும். பங்குனியில் ஒரே நாளில் பழ ஈப் பொறி கட்டட்டும். சித்திரையில் தோப்பின் ஒரு பகுதிப் பழத்தையாவது தரம் பிரித்து, பெயர் அச்சிட்ட பெட்டியில் தாங்களே விற்றுப் பார்க்கட்டும். மற்றதை வழக்கம்போல் குத்தகைக்கு விட்டாலும் பாதகமில்லை. வருஷ முடிவில் இரண்டு கணக்கையும் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தக் கணக்கே அடுத்த வருஷம் அதிக அங்கத்தினரைக் கொண்டுவரும்.

மாமரம் நட்டவரின் பேரனுக்கும் காய்க்கும் மரம். அதன் மகசூலைப் பூவிலேயே எழுதிக்கொடுத்தால், பேரனுக்குச் சேர வேண்டிய மரமும் உடன் மெலிகிறது. மரத்துக்கு எருவும், பழத்துக்குப் பெயரும், தையில் கைக்கு முன்பணமும் சங்கத்தின் மூலமாகக் கிடைக்கும்படி செய்துகொள்வது அங்கத்தினர் கையிலேயே இருக்கிறது.